கையொப்பத்திற்கு முன் நாலு வார்த்தை

தலைநகரிலே வந்து படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நாம் ஒரு விஷயத்தில் மட்டும் ஏறக்குறைய எழுத்தறியாதவர்கள் என்று நான் சொன்னால், சங்கத்து நண்பர்கள் என் மேல் கோபம் கொள்ளக்கூடும். பொருளாதாரத்திலே பட்டம் பெறுகிறோம். இயற்பியலிலே ஆராய்ச்சி செய்கிறோம். உலகத்து அரசியல் சட்டங்களையெல்லாம் ஒப்பிட்டுப் பேசுகிறோம். ஆனால் ஊரில் அப்பா பீரோவுக்குள் மஞ்சள் பையில் வைத்திருக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது என் துணிபு.

"அதெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார், வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நம் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு வயது வரம்பு உண்டு. 18 வயது நிரம்பிய நாளிலிருந்து நம் கையெழுத்துக்குச் சட்டத்திலே விலை ஏறிவிடுகிறது. தூரத்தில் படிக்கும் பிள்ளையிடமும் பெண்ணிடமும் குடும்பம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கையெழுத்துகள்தாம். ஒன்று அதிகாரப் பத்திரத்திலே. மற்றது விடுதலைப் பத்திரத்திலே. முன்னது, "நீ எங்கேயோ இருக்கிறாய், உனக்காக மாமா கையெழுத்துப் போடட்டும்" என்று வரும். பின்னது, "பொங்கலுக்கு வரும்போது பதிவு ஆபீசுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ" என்று வரும். இரண்டும் அன்போடுதான் கேட்கப்படுகின்றன. அந்த அன்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால் அன்பு குறைந்துவிடாது என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெரிய மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வோம். "பட்டா நம் பேரில் இருக்கிறது, பயமில்லை" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பட்டா என்பது வருவாய்த் துறையின் காகிதம். நிலத்தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்று தாலுகா ஆபீசில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து பிறந்தது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அது நல்ல சாட்சி. ஆனால் தீர்ப்பு அன்று. வருவாய்க் கணக்கில் பெயர் ஏறியதால் மட்டும் உரிமை பிறந்துவிடாது, பெயர் நீங்கியதால் மட்டும் உரிமை போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. சர்க்கார் தன் நிலத்தை ஏழைகளுக்கு ஒப்படைத்துக் கொடுக்கும் பட்டா வேறு வகை. அங்கே கொடுப்பவரே சர்க்கார் ஆகையால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம், அதோடு நிபந்தனைகளும் அதிகம்.

பட்டாவின் கூடப் பிறந்தவை சிட்டாவும் அடங்கலும். ஒருவர் பேரில் அந்தக் கிராமத்தில் என்னென்ன நிலம் இருக்கிறது என்பது சிட்டா. எந்தப் புல எண்ணில் யார் சாகுபடி செய்கிறார், என்ன பயிர் என்பது அடங்கல். அடங்கலின் தலைப்பிலே "பசலி" என்று ஓர் ஆண்டு போட்டிருக்கும்; 1433 என்று கண்டு, இது எந்த யுகத்துக் கணக்கோ என்று மலைக்க வேண்டாம். ஜூலை 1-ஆம் தேதி தொடங்கும் ஆண்டு அது. 590-ஐக் கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு வந்துவிடும். 2023 ஜூலையில் பிறந்தது பசலி 1433. அக்பர் காலத்தில் வடக்கே அறுவடையை ஒட்டி ஏற்பட்ட கணக்கு. அந்த மொகலாய பாதுஷாவின் ஆண்டு தஞ்சாவூர்க் கிராமக் கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது!

பட்டாவுக்கு அடுத்தபடியாக நாம் நம்பியிருப்பது வில்லங்கச் சான்று. பேச்சு வழக்கிலே வில்லங்கம் என்றால் வம்பு, வழக்கு. பத்திரத்திலே அதற்குப் பொருள் சொத்தின் மேல் ஏறியிருக்கும் பாரம்: அடமானம், பற்று, பிறருடைய பாத்தியம் ஆகியவை. சார்பதிவாளர் அலுவலகம் தன் புத்தகங்களைப் புரட்டி, நாம் கேட்ட ஆண்டுகளுக்குள் அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்களை எடுத்துத் தருகிறது. அவ்வளவே அதன் வேலை. 1990-லிருந்து கேட்டால் 1989-இல் நடந்தது அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது. உயிலைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. நிலத்தின் மேல் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு அதில் ஏறாமலே போகலாம். பங்கு கேட்க உரிமையுள்ள அத்தை ஒருத்தி மதுரையில் இருக்கிறாள் என்பதும் வராது. ஆகவே "வில்லங்கம் இல்லை" என்று சான்று சொன்னால், "எங்கள் புத்தகத்தில் இல்லை" என்று படித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இதை விடுதி அறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். புல எண்ணும் ஊரும் தெரிந்திருந்தால் போதும். புல எண் தெரியாதவர்கள் இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாமே.

மூன்றாவது மயக்கம்தான் எல்லாவற்றிலும் பெரியது. "பத்திரம் ரிஜிஸ்டர் ஆகிவிட்டது" என்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறோம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையும் வீட்டையும் விற்கும் பத்திரம் பதிவாகித்தான் ஆக வேண்டும். எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவில்லாத கிரயம் கிரயமே அன்று. இதெல்லாம் சரி. ஆனால் பதிவானதனால் என்ன உறுதியாகிறது? இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் இப்படி எழுதிக் கொடுத்தார் என்பது உறுதியாகிறது. எழுதிக் கொடுத்தவருக்கு அப்படி எழுதிக் கொடுக்க உரிமை இருந்ததா என்பது வேறு சமாசாரம். விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

வேறு தேசங்களில் வேறு ஏற்பாடு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரென்ஸ் என்பவர் கொண்டுவந்த முறைப்படி, சர்க்கார் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். அதற்குச் சர்க்காரே ஜாமீன். நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசம் அந்த வழியில் 2022-இல் ஒரு சட்டம் செய்து, பெரிய அரசியல் சண்டைக்குப் பிறகு 2024-இல் அதை ரத்தும் செய்துவிட்டது. ஆகவே நமக்குப் பொதுவாக ஜாமீன் நிற்பது சர்க்கார் அன்று, விற்கிறவர்தான். பத்திரத்தின் பின்பகுதியிலே, "இதில் முன் வில்லங்கம் ஏதுமில்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் நானே என் சொந்தச் செலவில் நிவர்த்தி செய்து கொடுப்பேன்" என்று ஒரு வாக்கியம் வரும். வழவழவென்று எழுதிப் பழகிய வாக்கியம் என்று அதைத் தாண்டிப் போகிறோம். உண்மையில் பணம் கொடுத்தவனுக்கு இருக்கும் பெரிய காப்பு அந்த வாக்கியம்தான்.

இந்த இடத்தில் நம் இலக்கியத்திலுள்ள மிகப் புகழ்பெற்ற பத்திர வழக்கை நினைத்துப் பார்க்கிறேன். பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து நின்று, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். மணமகன் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழவரோ சிரித்துக்கொண்டு, கிழிந்தது நகல், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். சபையார் பாட்டனாரின் வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டிலும் கையெழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு முன்பே அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் அழகானது: அனுபவத்தாலா, எழுத்தாலா, அயலார் சாட்சியாலா, எதைக் கொண்டு உன் உரிமையை நாட்டுவாய் என்று. இன்றைக்கு எந்த முன்சீப் கோர்ட்டிலும் சொத்து வழக்கில் கேட்கும் கேள்வி இதுவேதான். பக்தியோடு படிக்க வேண்டிய இடத்தை நான் வக்கீல் கண்ணோடு படிக்கிறேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சேக்கிழார் சோழ நாட்டு அமைச்சர் என்பதையும் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மூலமா நகலா என்ற அந்தக் கேள்வி சும்மா வந்ததன்று. வீட்டிலே இருப்பது பதிவு அலுவலகத்து நகல் மட்டும் என்றால், மூலம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். எலி தின்றிருக்கலாம், வெள்ளத்தில் போயிருக்கலாம், பெரியப்பா வீட்டில் இருக்கலாம். கடன் கொடுத்தவரிடமும் இருக்கலாம். மூலப் பத்திரத்தைக் கடன்காரரிடம் ஒப்படைப்பதே ஓர் அடமானம் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. நம் வீட்டு வங்கிக் கடன்களில் பலவும் இப்படிப்பட்டவையே. அடமானத்தில் மற்றொரு வகை போக்கியம், சில ஊர்களில் ஒத்தி என்பார்கள்: கடன் கொடுத்தவர் நிலத்தையோ வீட்டையோ அனுபவித்துக்கொண்டு, வட்டியை அந்த அனுபவத்தில் கழித்துக்கொள்வது. இவற்றில் உரிமை கைமாறுவதில்லை. கடனைத் தீர்த்துச் சொத்தை மீட்கும் பாத்தியம் சொந்தக்காரரிடமே இருக்கிறது.

இனி பத்திரத்தின் மொழிக்கு வருகிறேன். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று படித்தவுடன் நமக்குச் சிரிப்பு வருகிறது. இதைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று நம் சங்கத்திலேயே சிலர் ஆவேசமாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கும் நல்ல தமிழ் வேண்டும். ஆனால் எறிவதற்கு முன் என்ன எறிகிறோம் என்று பார்க்க வேண்டாமா? பிள்ளை, பேரன் என்று வழிவழியாக; தானம் கொடுக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் தகுதியோடு; முழு உரிமையாக. அந்த வரியிலே இருப்பது இவ்வளவுதான். "நிதி நிட்சேபம் ஜலம் பாஷாணம்" என்று தொடரும் எட்டு வகைப் போகங்களும் அப்படியே: புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், கல், இப்போது கிடைக்கும் பயன், இனி வரும் பயன் என்று போகிறது. (புதையலைப் பொறுத்தமட்டில் பத்திரம் எழுதியவர் தாராளமாக இருந்துவிட்டார். 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.)

இந்த முழு உரிமை வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் "உமது ஆயுள்காலம் வரை அனுபவித்து வர வேண்டியது, பிறகு உமது ஆண் பெண் மக்கள் அடைய வேண்டியது" என்று இருந்தால் கதையே மாறிவிடுகிறது. பாட்டி எழுதிய செட்டில்மெண்டுகளிலும் தாத்தா எழுதிய உயில்களிலும் இந்த வாசகம் சர்வ சாதாரணம். அப்படியானால் அப்பாவுக்கு இருப்பது ஆயுள் பாத்தியம். விற்று முடிக்கும் உரிமை பொதுவாக அவருக்கு இல்லை. முழுச் சொந்தக்காரர் ஆகப் போகிறவர் யார் தெரியுமா? இந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக் கவிதைக்குத் தாவப் பார்க்கிறாரே, அந்த மாணவரோ மாணவியோ. விற்பனைக்கு உங்கள் கையெழுத்தும் எதற்குக் கேட்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அதிகாரப் பத்திரம், ஊர்ப் பேச்சில் "பவர்", எப்படிப் போய் முடியும் என்பதற்கு நாம் வசிக்கும் இந்தத் தில்லியைவிட நல்ல பாடம் கிடையாது. இங்கே பல ஆண்டுகளாக வீடுகள் கிரயப் பத்திரமே இல்லாமல், ஒரு கிரய உடன்படிக்கை, ஒரு பொது அதிகாரப் பத்திரம், ஓர் உயில் என்ற மூன்று காகிதங்களால் கைமாறி வந்தன. முத்திரைத் தீர்வையும் மிச்சம், தடைகளும் தாண்டியாயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள். 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இவற்றால் உரிமை மாறுவதில்லை, பதிவான கிரயப் பத்திரமே வேண்டும் என்று சொல்லிவிட்டது. உடன்படிக்கை என்பது விற்பதாகச் சொல்லும் வாக்கு. அதனாலேயே சொத்தில் பாத்தியம் பிறக்காது. பவர் என்பது பிறருக்காகச் செயல்படும் அனுமதி. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் இறக்கிறது. உயிலோ, எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை மாற்றக்கூடியது. மூன்று நொண்டிகளைச் சேர்த்துக் கட்டினால் ஓர் ஓட்டக்காரன் ஆகமாட்டான்.

நமக்கு வரும் பவரில் பார்க்க வேண்டியவை சில உண்டு. குறிப்பிட்ட ஒரு சொத்துக்கா, இனி வரப்போகும் எல்லாச் சொத்துக்குமா? வரி கட்டவும் வாடகை வாங்கவும் மட்டுமா, விற்கவும் அடமானம் வைக்கவுமா? "கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்" என்று இருந்தால், பணம் முகவர் கைக்குப் போகும் என்று பொருள். பெற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான் என்றாலும், வாங்கினவரிடம் நாம் போய் நிற்க முடியாது. இன்னொன்று: நமக்காகப் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகும் பவருக்கு, நாம் குடியிருக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதிச் சான்று பெற வேண்டும் என்பது சட்டம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திட்டு கூரியரில் அனுப்பு என்று யார் சொன்னாலும், அது முறையான வழியன்று.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றிச் சகோதரிகளுக்கு விசேஷமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்துக் குடும்பங்களின் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. அப்போது முன்னமே மணமான பெண்கள் விடுபட்டார்கள். 2005-இல் மத்திய சட்டம் அந்த வேற்றுமையையும் நீக்கியது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமோ என்ற சந்தேகத்தை 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு, வேண்டியதில்லை என்று தீர்த்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் கலைக்க முடியாது. அப்பா தாமே சம்பாதித்த சொத்து, அதாவது சுயார்ஜிதம், வேறு. உயிரோடிருக்கும் வரை அவர் இஷ்டம், உயில் இல்லாமல் காலமானால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் எல்லாருக்கும் சமபங்கு. முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. ஆனால் பங்கு இருக்கிறது என்பதும், விட்டுக் கொடுத்தால் போய்விடும் என்பதும் எல்லாருக்கும் பொது.

விடுதலைப் பத்திரம் என்ற பெயரே ஒரு வேடிக்கை. யாருக்கு விடுதலை? சொத்துக்கு நம்மிடமிருந்து விடுதலை! சென்ற ஆண்டு நம் சங்கத்து மாணவி ஒருவர், தாம் ஊருக்குப் போய்க் கையெழுத்திட வேண்டிய விடுதலைப் பத்திரத்தின் நகலைக் காட்டினார். ஐந்து பக்கம். நான்காம் பக்கத்தில், "மேற்படி பாகத்துக்குண்டான தொகையை இதற்கு முன்னிட்டே ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்" என்று ஒரு வரி. ஒரு பைசாவும் அவர் பெறவில்லை. தொலைபேசியில் அப்பாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினார். அப்பாவுக்கும் அது புதிது. பத்திரம் எழுதுபவர் வேறொரு பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார் என்று தெரிந்தது. அந்த வரி எடுக்கப்பட்டது. பிறகு அவர் கையெழுத்திட்டாரா என்று கேட்கிறீர்களா? அது அவர் வீட்டு விஷயம். தம்பியின் படிப்புக்காகத் தெரிந்தே விட்டுக் கொடுக்கும் அக்காவை நான் வணங்குவேன். தெரியாமல் விட்டுக் கொடுத்தவளைக் "குடும்பப் பாங்கான பெண்" என்று புகழும் கூட்டத்தில் சேர மாட்டேன். பதிவான விடுதலையைப் பிற்காலத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி ரத்து செய்வது லேசான காரியமன்று. மோசடி என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டி வரும், அதற்குள் பாதி ஆயுள் போய்விடும்.

முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அவசரமான செய்தி ஒன்று பாக்கி. நாம் மைனராக இருந்தபோது நம் பேரிலேயே தனியாக இருந்த நிலத்தையோ வீட்டையோ தகப்பனாரோ தாயாரோ கோர்ட்டு அனுமதியில்லாமல் விற்றிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டப்படி அந்த விற்பனையை நாம் ஒப்புக்கொள்ளாமல் தள்ளிவிடலாம். (கூட்டுக் குடும்பச் சொத்தில் பிரியாத பங்குக்கு இது பொருந்தாது.) வழக்குப் போட்டு அதை ரத்து செய்வதற்குக் கெடு, மேஜரான நாளிலிருந்து 3 ஆண்டு. அதாவது 21 வயது நிரம்புமுன். தாத்தா பேரக் குழந்தையின் பேரில் ஆசையாக வாங்கிப் போட்ட மனை இப்போது யார் பேரில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், தம் பிறந்த நாளையும் காலண்டரையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் பட்டிமன்றம் வைக்கிறார்கள். கம்பன் விழா வைக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மாலை பத்திரம் படிக்கவும் வைத்தால் என்ன? சட்டக் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்றை எடுத்து வரட்டும். பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டால் குடும்ப ரகசியம் எதுவும் வெளியே போகாது. செக்குபந்தியில் தொடங்கிச் சாட்சிக் கையெழுத்து வரை ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். நகல் போதும். மூலப் பத்திரத்தை யாரும் ரயிலில் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.